பட்டு இழை முதல் ஊசி மருந்து வரை: ஜி.என்.ராமச்சந்திரன் போட்ட வரைபடம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் இன்றைக்கும் தறிச் சத்தம் கேட்கும். பாவு, ஊடை, கோர்வை, ஜரிகை, முந்தி என்று அங்கே புழங்குகிற வார்த்தைகள் புடவை எடுக்கப் போகிற எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தவைதான். எத்தனை கிராம் ஜரிகை, கரை தனியாகக் கோர்த்ததா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால், அந்த இழை எதனால் ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

அது புரதம். பட்டுப்புழு தன் கூட்டைக் கட்ட வாயிலிருந்து விடுகிற இழையின் பெயர் ஃபைப்ராயின். அதன் மேலே செரிசின் என்ற இன்னொரு புரதம் பசை மாதிரி ஒட்டியிருக்கும். சாயம் போடும் முன்பு சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் நூலைக் கொதிக்க வைப்பது இந்தப் பசையை எடுக்கத்தான். எடையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவதுதான் நாம் பார்க்கிற பளபளப்பு.

அந்த ஃபைப்ராயினுக்குள்ளும் ஒரு டிசைன் இருக்கிறது. கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின் என்று அமினோ அமிலங்கள் மணி கோத்தது மாதிரி மாறி மாறி வரும். ஒன்று விட்டு ஒன்று கிளைசின். இருப்பதிலேயே சின்ன அமினோ அமிலம் அதுதான்.

இதே மணிகளை வேறு வரிசையில் கோத்தால் இன்சுலின். இன்னொரு வரிசையில் கோத்தால் பிரசவ வலியை உண்டாக்கும் ஆக்சிடோசின். கறை நீக்கும் என்சைம் கலந்த சலவைத்தூளில் பட்டுப்புடவையை ஊறவைக்கக் கூடாது என்பார்கள். ரத்தக்கறை, பால்கறை எல்லாம் புரதம். அதை வெட்டுகிற என்சைமுக்குப் பட்டும் இன்னொரு புரதம்தான். இன்சுலினை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகப் போட்டுக்கொள்வதும் இதே காரணத்தால்தான். வயிற்றில் இருக்கும் என்சைம்கள் அதைச் சாப்பாடு என்று நினைத்து வெட்டிப் போட்டுவிடும்.

சரி, இந்த மணிச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம், எப்படி மடங்கவே முடியாது? உலகத்துக்கே இதற்கு விடை சொன்னவர் காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், சென்னை கிண்டியில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒரு தமிழர். கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் என்ற ஜி.என்.ராமச்சந்திரன். உயிர் வேதியியல் படிக்கும் மாணவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர் பெயரைச் சொல்லாமல் தேர்வு எழுத முடியாது. நம் ஊரில்தான் பலருக்கு அவரைத் தெரியாது.

கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளை

1922 அக்டோபர் 8-ம் தேதி எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார் ராமச்சந்திரன். அப்பா நாராயண ஐயர், மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பின்னாளில் முதல்வராகவும் இருந்தவர். அம்மா லட்சுமி அம்மாள். கணக்கு அந்த வீட்டில் பாடமாக இல்லை, பேச்சாகவே இருந்தது. அப்பாவிடம் பழகிய அந்தக் கணக்குப் புத்திதான் கடைசி வரைக்கும் அவருக்குக் கைகொடுத்தது.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ். 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின் பொறியியலில். அங்கேதான் வாழ்க்கை திரும்பியது. இயற்பியல் துறையில் இருந்த சர் சி.வி.ராமன் பையனின் கூர்மையைக் கவனித்துவிட்டார். மின் பொறியியலுக்கு இவன் ரொம்ப அதிகம் என்று முடிவு செய்து, அந்தத் துறைத் தலைவரிடமே பேசித் தன் துறைக்கு இழுத்துக்கொண்டார் என்பது அந்த வளாகத்தில் இன்றும் சொல்லப்படும் கதை.

ராமனிடம் ஒளியியலும், வைரம் போன்ற படிகங்களை எக்ஸ்ரே மூலம் ஆராயும் வித்தையும் கற்றார். 1945-ல் ராஜலட்சுமியைக் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் ராஜம். 1947-ல் டாக்டர் பட்டம் வாங்கியதும் கேம்பிரிட்ஜ் போனார். கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் வூஸ்டரிடம் ஆராய்ச்சி செய்து, இரண்டே வருடத்தில் இரண்டாவது டாக்டர் பட்டம். அங்கே லைனஸ் பாலிங்கின் உரைகளைக் கேட்டதுதான் முக்கியமான விஷயம். புரதம் என்ற பெரிய மூலக்கூறின் வடிவத்தை எக்ஸ்ரேயும் கணக்கும் வைத்துப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் அப்போது மனசில் விழுந்தது.

1949-ல் பெங்களூருக்குத் திரும்பினார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையைத் தொடங்க ஆள் தேடினார் துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார். ராமன் கைகாட்டியது தன் மாணவரைத்தான். முப்பதைத் தொடும் வயதில் பேராசிரியர், துறைத் தலைவர்! இந்த வயதில் இந்தப் பதவியா என்று யோசிக்காமல், மகப்பேறு மருத்துவரான முதலியார் அந்த இளைஞரை நம்பினார். அடுத்த பதினெட்டு வருடம் கிண்டி வளாகம் உலக வரைபடத்தில் இடம்பிடித்தது அந்த நம்பிக்கையால்தான்.

தோல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த துண்டு

துறை தொடங்கிய அதே வருடம் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னல் சென்னைக்கு வந்தார். எக்ஸ்ரே கருவி தயாராக இருந்தது. எதை ஆராய்வது என்பதுதான் கேள்வி. பேச்சுவாக்கில் கொலாஜன் பற்றிச் சொன்னார் பெர்னல். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் புரதம் அது. அதன் வடிவம் என்று பெரிய பெரிய ஆட்கள் சொன்ன எதுவும் சரியாகப் பொருந்தவில்லை என்பது அவர் அபிப்பிராயம்.

ராமச்சந்திரன் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். கொலாஜனுக்கு அதைவிட நல்ல இடம் எது? அங்கிருந்து மாதிரிகள் வந்தன. நல்ல எக்ஸ்ரே படம் கொடுத்தது கங்காருவின் வால் தசைநாண். கூட வேலை பார்த்தவர் கோபிநாத் கர்த்தா.

அவர்கள் கையில் இருந்த முக்கியமான துப்பு ஒன்றுதான். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். பட்டில் ஒன்று விட்டு ஒன்று. இங்கே இரண்டு விட்டு ஒன்று. இது தற்செயலாக இருக்க முடியாது என்று நினைத்தார் ராமச்சந்திரன். மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறு மாதிரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டால்? கயிற்றின் நடுவில் இடமே இருக்காது. அங்கே வந்து விழுகிற ஒவ்வொரு மூன்றாவது மணியும் இருப்பதிலேயே சின்னதாக இருந்தாக வேண்டும். அது கிளைசின்தானே!

1954-ல் நேச்சர் இதழில் ராமச்சந்திரன், கர்த்தா பெயரில் முப்புரி வடிவம் வெளிவந்தது. மூன்று சங்கிலிகளும் சேர்ந்து இன்னொரு தடவை முறுக்கிக்கொள்கின்றன என்று 1955-ல் அதைத் திருத்தி எழுதினார்கள்.

அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியம் என்பதை இயற்கையே குரூரமாகக் காட்டுகிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே எலும்பு கண்ணாடி மாதிரி உடையும். அவர்களில் பலருக்கு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட கொலாஜன் சங்கிலியில் ஒரே ஒரு கிளைசின் மாறியிருக்கும். அந்த இடத்தில் கொஞ்சம் பெரிய மணி வந்து உட்கார்ந்ததும் கயிறு சரியாக முறுக்கிக்கொள்ளாது. ஒரு மணி மாறினால் வடிவம் மாறும். வடிவம் மாறினால் வேலை கெடும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். இப்போது கடைகளில் கொலாஜன் பவுடர் விற்கிறார்கள். அதைக் குடித்தால் இந்த முப்புரிக் கயிறு அப்படியே கன்னத்துக்குப் போய்ச் சேராது. வயிற்றில் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுத்தான் ரத்தத்துக்குள் போகும்.

மனசில் தைத்த முள்

சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டுபிடித்த ஃபிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச்சுடன் சேர்ந்து 1955-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முப்புரி சரி; ஆனால் சென்னைக்காரர்கள் சொன்னபடி மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இடித்துக்கொள்ளும், ஒரு பிணைப்புதான் இருக்க முடியும் என்பது அவர்கள் வாதம். உலகம் யார் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்? ஒரு பக்கம் கேம்பிரிட்ஜ். இன்னொரு பக்கம் பெயர்கூடச் சரியாகத் தெரியாத கிண்டி.

கடைசியில் யார் சொன்னது சரி? நேர்மையாகச் சொன்னால் இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம். பல வருடம் கழித்து 1994-ல் கொலாஜன் போன்ற ஒரு பெப்டைடின் படிக வடிவம் கிடைத்தபோது, நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்று தெரிந்தது. ஆனால் சங்கிலிகளுக்கு இடையே தண்ணீர் மூலக்கூறுகள் பாலமாக நின்று பிணைப்பதும் தெரிந்தது. தண்ணீர்ப் பாலம் இருக்கலாம் என்று 1968-லேயே ராமச்சந்திரனும் ஆர்.சந்திரசேகரனும் எழுதியிருந்தார்கள்.

ஆனால் 1955-ல் இது எதுவும் தெரியாது. ராமச்சந்திரனுக்கு வலித்தது. அந்த வலியோடு அவர் உட்கார்ந்துவிடவில்லை. பதிலுக்குத் திட்டி எழுதவும் இல்லை. அந்த விமர்சனத்துக்குள் இருந்த கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அணுக்கள் ரொம்ப நெருங்குகின்றன என்கிறார்களே, எவ்வளவு நெருங்கினால் ரொம்ப நெருக்கம்? இதற்கு யாரிடம் அளவுகோல் இருக்கிறது? யாரிடமும் இல்லை.

இரண்டு கீல், ஒரு கிராஃப் தாள்

வி.சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்களோடு வேலை தொடங்கியது. அதுவரை வெளிவந்திருந்த அமினோ அமிலங்கள், சின்னப் பெப்டைடுகளின் படிக வடிவங்களை எல்லாம் தேடி எடுத்து, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். அடுத்தது கணக்கு. இன்றைய கம்ப்யூட்டர் வசதியெல்லாம் கிடையாது. மேஜைக் கணக்குக் கருவியும் பொறுமையும்தான்.

அவர்கள் போட்ட கணக்கைப் புரிந்துகொள்வது கஷ்டம் இல்லை. இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையான ஓர் அட்டை மாதிரி, திருகாது. அடுத்தடுத்த இரண்டு அட்டைகள் சந்திக்கும் இடத்தில் கதவுக் கீல் மாதிரி இரண்டு திருகு மட்டும் உண்டு. ஒன்றின் பெயர் ஃபை, இன்னொன்று ஸை. எவ்வளவு பெரிய புரதமாக இருந்தாலும் அது மடங்குவது பெரும்பாலும் இந்த இரண்டு கீல்களின் கோணத்தால்தான்.

ஒரு கிராஃப் தாளில் கிடையாக ஃபை, செங்குத்தாக ஸை. ஒவ்வொரு கட்டத்திலும் கீல்களை அந்தக் கோணத்துக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும். அணுக்கள் இடித்தால் அந்தக் கட்டம் கூடாது. இடிக்காவிட்டால் ஆகும். முடித்துப் பார்த்தபோது தாளின் சுமார் முக்கால் பங்கு கூடாத இடம்! மீதியில் தீவு தீவாகச் சில இடங்கள். ஒரு தீவில் பாலிங் சொன்ன ஆல்பா சுருள். இன்னொரு தீவில் பட்டு. அதே தீவில் பட்டுக்குப் பக்கத்து வீடு மாதிரி கொலாஜன்.

காஞ்சிபுரத்தில் புடவை டிசைன் போடுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அன்னமோ யாளியோ, முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டுதான் ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். எந்தக் கட்டத்தில் இழை தூக்க வேண்டும், எதில் கூடாது என்பதைத் தாள் சொல்லிவிடும். புரதத்துக்கு அப்படி ஒரு தாளைப் போட்டார் ராமச்சந்திரன்.

1963-ல் மாலிக்யூலர் பயாலஜி இதழில் மூன்று பேர் பெயரிலும் அந்தக் கட்டுரை வந்தது. ஐந்தே பக்கம். அப்போது உலகத்தில் முழு வடிவம் தெரிந்த புரதங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். இன்றைக்குப் புரதங்களின் உலகப் பெட்டகத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் வடிவங்கள் இருக்கின்றன. எல்லாமே அந்தத் தீவுகளில்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கின்றன. புதிதாக ஒரு புரத வடிவத்தைச் சொல்பவர்கள் அதை ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். புள்ளிகள் கூடாத இடத்தில் நிறைய விழுந்தால் எங்கோ தப்பு என்று அர்த்தம். தன்னைக் குறை சொல்ல வந்த கேள்வியிலிருந்து, எல்லோருடைய வேலையையும் சோதிக்கிற அளவுகோலை எடுத்துவிட்டார் அவர்.

ஒரு மணியை மாற்றினால் என்ன ஆகும்?

இந்த வரைபடம் நம் மருந்து அலமாரிக்கு எப்படி வந்தது? அதற்குக் கொஞ்சம் அமெரிக்கா போக வேண்டும்.

வின்சென்ட் டு விக்னோ என்ற வேதியியலாளர் 1953-ல் ஆக்சிடோசினை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். வெறும் ஒன்பது அமினோ அமிலம். கருப்பையைச் சுருங்க வைப்பது, தாய்ப்பாலை வரவைப்பது இதன் வேலை. ஒரு பெப்டைடு ஹார்மோனை மனிதக் கை செய்தது அதுதான் முதல் தடவை. 1955-ல் நோபல் கிடைத்தது. பிரசவ வார்டுகளில் ரத்தப்போக்கை நிறுத்தப் போடுகிற ஊசி இந்தச் செயற்கை ஆக்சிடோசின்தான்.

வாசோபிரெஸ்ஸின் என்று இன்னொரு ஹார்மோன். அதுவும் ஒன்பது மணி. ஆக்சிடோசினிலிருந்து இரண்டே இரண்டு மணிகள்தான் வேறு. ஆனால் இதன் வேலை பிரசவம் இல்லை. சிறுநீரகத்தில் தண்ணீரைப் பிடித்து வைப்பதும் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதும். இரண்டு மணி மாறியதற்கே வேலை இவ்வளவு மாறும் என்றால், நாமே வேண்டுமென்று மாற்றிப் பார்த்தால்? அப்படி ஒவ்வொரு மணியாக மாற்றிச் செய்த போலி ஹார்மோன்களை வைத்து, எந்த மணி எந்த வேலைக்குப் பொறுப்பு என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி உலகம் முழுக்கத் தொடங்கியது.

சென்னையில் வரைபடம் வந்த அதே 1963-ல் இன்னொரு கதவும் திறந்தது. அமெரிக்காவின் புரூஸ் மெரிஃபீல்டு, சின்னப் பிளாஸ்டிக் குருணையில் முதல் மணியை ஒட்டிவைத்து, அடுத்தடுத்த மணிகளை வேகமாகக் கோக்கும் முறையைச் சொன்னார். சங்கிலியைக் கோக்க அவர் வழி காட்டினார். கோத்த சங்கிலி எப்படி மடங்கும் என்பதற்கு ராமச்சந்திரன் வழி காட்டினார்.

அமினோ அமிலங்களுக்கு இடது கை, வலது கை மாதிரி இரண்டு வடிவம் உண்டு. நம் உடம்பின் புரதங்களில் இருப்பவை இடக்கை வகை. வலக்கை வகைக்கு ராமச்சந்திரன் வரைபடத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் போதும். அனுமதித்த இடங்கள் தெரிந்துவிடும். இடக்கை, வலக்கை மாறி மாறி வரும் சங்கிலிகள் எப்படிச் சுருளும் என்று ராமச்சந்திரனும் சந்திரசேகரனும் 1972-ல் எழுதினார்கள். சில ஆன்டிபயாட்டிக் பெப்டைடுகள் இப்படித்தான் இருக்கும்.

இந்த இடக்கை வலக்கை வித்தை மருந்திலும் வந்தது. வாசோபிரெஸ்ஸினில் எட்டாவது மணியை வலக்கை வகையாக மாற்றி, முதல் மணியில் ஒரு சின்னக் குழுவை எடுத்துவிட்டால் டெஸ்மோபிரெஸ்ஸின். உடம்பின் என்சைம்களுக்கு வலக்கை மணியை வெட்டத் தெரியாது. அதனால் மருந்து நிறைய நேரம் நிற்கும். தண்ணீரைப் பிடிக்கும் வேலை அப்படியே இருக்க, ரத்த அழுத்தத்தை ஏற்றும் வேலை மட்டும் கிட்டத்தட்ட போய்விட்டது. அளவுக்கு மீறிச் சிறுநீர் போகும் ஒருவகை நோய்க்கும், படுக்கையை நனைக்கும் குழந்தைகளுக்கும் டாக்டர்கள் கொடுப்பது இதைத்தான்.

இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிற செமாக்ளூடைடையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் டாக்டர் கண்காணிப்பில் போடுகிற ஊசி. நம் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற 31 மணி ஹார்மோனின் போலி அது. அசல் ஹார்மோன் ரத்தத்தில் ஓரிரு நிமிடம்தான் தாக்குப்பிடிக்கும். அதன் இரண்டாவது மணி அலனின். அதை ஒட்டியே ஒரு என்சைம் வெட்டிவிடும். பட்டு இழையில் கிளைசினுக்கு அடுத்து வருகிறதே, அதே அலனின்தான். அந்த அலனினில் கூடுதலாக ஒரு மீத்தைல் குழுவைச் சேர்த்தால் ஏ.ஐ.பி. என்ற வேறு அமினோ அமிலம். அதை அந்த இடத்தில் வைத்ததும் என்சைமால் வெட்ட முடியவில்லை. கூடவே ஒரு கொழுப்புச் சங்கிலியைத் தொங்கவிட்டு, ரத்தத்தில் உள்ள ஆல்புமினோடு ஒட்ட வைத்தார்கள். நிமிடக் கணக்கு வாரக் கணக்காகிவிட்டது.

ராமச்சந்திரன் வரைபடத்தில் ஏ.ஐ.பி.-யை வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. கூடுதல் மீத்தைல் எல்லாப் பக்கமும் இடிப்பதால், அதற்கு அனுமதி இரண்டு சின்னச் சுருள் தீவுகளில்தான். சங்கிலியில் ஓர் இடத்தைச் சுருளாகவே நிறுத்தி வைக்க வேண்டுமா, அங்கே ஏ.ஐ.பி. போடு என்பது பெப்டைடு வடிவமைப்பில் ஒரு பாலபாடம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.பலராம் பல வருடம் இந்த ஏ.ஐ.பி. பெப்டைடுகளைத்தான் ஆராய்ந்தார். அவர் வேலை பார்த்த துறையைத் தொடங்கியவர் யார் தெரியுமா? ராமச்சந்திரன்தான்.

இந்த மருந்துகளை எல்லாம் அவரே கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது மிகை. அவர் ஒரு மருந்தும் செய்யவில்லை. ஒரு மணியை மாற்றினால் சங்கிலி எங்கே மடங்கும், எங்கே மடங்காது என்று மருந்து செய்பவர்கள் யோசிப்பதற்கான தாள் அவருடையது.

கிண்டியிலிருந்து பெங்களூருக்கு

முதலியார் 27 வருடம் துணைவேந்தராக இருந்து 1969-ல் விலகினார். அடுத்த வருடம் ராமச்சந்திரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டார். கொஞ்ச காலம் சிகாகோ பல்கலைக்கழகம். பிறகு பெங்களூரு. அங்கே மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை அடியிலிருந்து கட்டினார்.

அந்த இடைவெளியில் போகிறபோக்கில் செய்தது மாதிரி இன்னொரு பெரிய வேலை. பல பக்கத்திலிருந்து எடுத்த எக்ஸ்ரே நிழல்களைச் சேர்த்து உள்ளே இருப்பதை எப்படி வரைவது என்பதற்கு, ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971-ல் ஒரு சுலபமான கணக்கு முறையைச் சொன்னார். அதுவரை இருந்த சுற்றுவழியைவிட அது வேகமானது. அந்த வகைக் கணக்குதான் பின்னால் சி.டி. ஸ்கேன் கருவிகளில் வழக்கமானது. 1979-ல் சி.டி. ஸ்கேனுக்கு நோபல் பரிசு காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, ஆலன் கார்மாக் இரண்டு பேருக்கும் போனது.

அவருக்கு நோபல் கடைசி வரை வரவில்லை. 1961-ல் பட்நாகர் பரிசு, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, 1999-ல் படிகவியலின் பெரிய கௌரவமான இவால்ட் பரிசு. கொலாஜன், வரைபடம், சி.டி. கணக்கு என்று மூன்று வெவ்வேறு துறையில் அடித்தளம் போட்டவருக்கு இது போதுமா என்ற கேள்வி அவர் மாணவர்கள் மனசில் இன்னும் இருக்கிறது.

கடைசிக் காலத்தில் தர்க்கம், தத்துவம், கவிதை என்று மனம் போனது. இந்திய தர்க்க மரபைக் கணித வடிவில் எழுத முயன்றார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. பக்கவாதம், பார்க்கின்சன் நோய். 1998-ல் ராஜம் போனது எல்லாவற்றையும்விடப் பெரிய அடி. அரை நூற்றாண்டுக்கு மேல் கூடவே இருந்தவர். அதற்குப் பிறகு மூன்று வருடம்கூட அவர் இல்லை. 2001 ஏப்ரல் 7-ம் தேதி சென்னையில் காலமானார். மகன் ரமேஷ் நாராயண் ஹார்வர்டில் கருந்துளைகளை ஆராயும் வானியற்பியலாளர். தாத்தா வீட்டுக் கணக்கு மூன்றாவது தலைமுறைக்கும் போயிருக்கிறது.

2024-ல் வேதியியல் நோபல், கம்ப்யூட்டரை வைத்துப் புரதத்தை வடிவமைத்தவருக்கும், செயற்கை நுண்ணறிவை வைத்துப் புரத வடிவத்தைக் கணித்தவர்களுக்கும் போனது. இப்போது ஒரு புரதத்தின் வடிவத்தை மெஷின் நொடியில் சொல்கிறது. அப்படிச் சொன்னது நம்பத்தக்கதா என்று பார்க்க ஆய்வாளர்கள் முதலில் எடுத்து விரிக்கும் தாள்களில் ஒன்று, 1963-ல் கிண்டியில் மூன்று பேர் கையால் கணக்குப் போட்டு வரைந்தது.